பஸ் நிற்கும் இடம் வரைக்கும்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம். தாங்கள் பூரண நலத்துடன் இருப்பதைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் தங்கள் குரல் வந்த வேகத்திலேயே தெரிந்துகொண்டேன். அத்தையின் இடுப்புவலியும் தேவலை என்றே நினைக்கிறேன். பின்னாலிருந்து அவர்கள் "போதும், வைங்க போனை" என்று தங்களிடம் சொன்ன குரலில் வலி எதுவும் தெரியவில்லை.

அன்று தாங்கள் கேட்ட கேள்வியை வார்த்தை மாறாமல் கீழே எழுதுகிறேன். "மாப்பிள்ளை, ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு உலகத்தைச் சுத்திக் காட்டுறீங்க. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆச்சு. என் பொண்ணு உங்க பஸ்ல ஒரு நாளாவது உட்கார்ந்திருக்காளா?" நான் "அது வந்து மாமா..." என்று ஆரம்பித்தேன். "வந்து போயி எல்லாம் வேணாம். எதுவா இருந்தாலும் எழுத்துல கொடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். முப்பத்து நான்கு வருடம் தலைமை எழுத்தராக இருந்து, வாயால் சொன்ன எதையும் கடைசிவரை நம்பாமல் ஓய்வுபெற்றவர் தாங்கள். ஆகவே எழுத்தில் கொடுக்கிறேன். பிழைகளைப் பொறுத்தருளவும். ஸ்டியரிங் பிடித்த கைக்குப் பேனா ரொம்பவும் ஒல்லியாக இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெரிவித்துவிடுகிறேன். அந்த நேரம் போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் முட்டை உரித்துக்கொண்டிருந்ததால் போனை மேசையில் வைத்துத்தான் பேசினேன். எதிரில் தங்கள் மகள் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தங்கள் கேள்வியை முழுவதும் கேட்டாள்.  ஏற்கெனவே தடவி முடித்த ரொட்டியை எடுத்து மறுபடியும் அதற்கே வெண்ணெய் தடவினாள். 

எங்கள் தொழில் தாங்கள் அறியாததில்லை. இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். பள்ளிக்கூடம் மூடிய மறுநாள் நான் சுற்றுலா பஸ்ஸில் ஏறினால், கோடை முடியப் பத்து நாள் இருக்கும்போதுதான் முதலாளி என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "நீ இன்னும் இங்கதான் இருக்கியா? நாலு நாள் வீட்டுக்குப் போ" என்பார். அதற்குள் ஊரில் எல்லோரும் எல்லா இடத்துக்கும் போய்விட்டுத் திரும்பி, துணி துவைத்து மடித்தும் வைத்திருப்பார்கள். எனக்கு லீவு கிடைக்கும்போது தங்கள் மகளுக்கு மருந்துக்கடையில் கிடைக்காது. அவளுக்குக் கிடைக்கும்போது நான் ஏதாவது ஒரு மலையில் பத்தாவது வளைவில் இருப்பேன். பதினாறு வருடத்தில் முதல்முறையாக இந்த வருடம்தான் வியாழன் முதல் ஞாயிறு வரை இருவருக்கும் ஒன்றாக விழுந்தது. மருந்துக்கடைக்காரர் கடைக்கு வெள்ளை அடிக்கிறார். அதனால் வந்த பாக்கியம்.

ஆகவே அன்று மாலையே எங்கே போவது என்று தீர்மானிக்கக் கூட்டம் கூடினோம். கூட்டம் என்றால் நான், தங்கள் மகள், தங்கள் பேத்தி. பேத்திக்குப் பதின்மூன்று வயது முடிகிறது. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். ஒரு கேள்வி கேட்டு, நாம் பதில் சொன்னதும், அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியைப் பிடுங்கி எடுப்பாள். இந்தக் குணம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நான் எழுதப் போவதில்லை. அவள் ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்கதான் எல்லா இடத்துக்கும் போயிருக்கீங்களே. ஒவ்வொண்ணா சொல்லுங்க, எழுதிக்கிறேன். ஏரி எப்படி இருக்கும்?"

"நல்லா இருக்கும்மா. பெரிய மரம் மூணு இருக்கு. நாள் முழுக்க வண்டியை நிழல்ல போடலாம்."

"ஏரியைக் கேட்டேன்ப்பா."

"அது மரத்துக்கு அந்தப் பக்கம்."

"சரி. கோட்டை?"

"வாசல் குறுகல். ரெண்டு தடவை ரிவர்ஸ் எடுக்கணும்."

"உள்ளே என்ன இருக்கு?"

"உள்ளே பஸ் போகாதே."

இந்த இடத்தில் தங்கள் மகள் சிரித்தாள். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்ததால் எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பேத்தி கடற்கரை எப்படி என்றாள், உப்புக் காற்றில் பம்பர் துருப்பிடிக்கும் என்றேன். மலை எப்படி என்றாள், பின் டயருக்குக் கல் வைக்காமல் இறங்கவே கூடாது என்றேன். அருவி எப்படி என்றாள். "அருவி அருமையா இருக்கும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"பார்த்திருக்கீங்களா?"

"சத்தம் கேட்கும்மா. மேல வண்டி நிக்கிற இடம் வரைக்கும் நல்லாவே கேட்கும்."

பேத்தி பேனாவை மூடிவிட்டாள். "அப்பா, நீங்க எதையுமே பார்க்கலையா?" என்றாள். அது வக்கீல் குரல் இல்லை. நாற்பது பேருடைய பைகள் வண்டியில் இருக்கும், டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது எங்கள் டிராவல்ஸில் சட்டம், பஸ் நிற்கும் இடம் வரைக்கும்தான் என் வேலை என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல அது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் தங்கள் மகள் சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

என் மனதில் இருந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு எங்கேயும் போக ஆசையில்லை. என் கட்டில், என் தலையணை, மேலே மெதுவாகச் சுற்றுகிற மின்விசிறி, "டிரைவர், இன்னும் எவ்வளவு நேரம்?" என்று யாரும் கேட்காத நாலு நாள். இதுதான் என் சுற்றுலாத் தலம். இதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். "வீட்ல படுத்திருக்கிறதுக்கு எதுக்குப்பா நோட்டு?" என்று பேத்தி கேட்டாள். என் தீர்மானம் தோற்றது.

வியாழன் வரை எனக்கு உள்ளூர் ஓட்டம்தான் என்பதால் இடையிடையே வீட்டில் இருந்தேன். திங்கட்கிழமை கடற்கரை என்று முடிவானது. எதற்கும் விசாரித்துக்கொள்வோம் என்று அந்தப் பக்கம் ஓட்டுகிற நண்பனுக்குப் போன் போட்டேன். "வா வா, ரொம்ப நல்லாயிருக்கு. ஆனா ஓரமா நிறுத்தாத, மணல்ல டயர் புதையுது" என்றான். கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இருக்கும்னு நினைக்கிறேன்" என்றான். அன்று மாலை பக்கத்து வீட்டுத் தையல்காரர் குடும்பத்தோடு கடற்கரையிலிருந்து திரும்பி வந்து இறங்கினார். ஐந்து பேரும் வெந்த நண்டு நிறத்தில் இருந்தார்கள். முதுகில் சட்டை படக்கூடாதென்று தையல்காரரே சட்டையில்லாமல் உட்கார்ந்து சட்டை தைக்கிறார். கடற்கரை ரத்தானது. செவ்வாய்க்கிழமை மலை என்று முடிவானது. தங்குவதற்கு அறை கேட்டு ஆறு விடுதிகளுக்குப் போன் போட்டேன். ஐந்து விடுதியில் இடம் இல்லை. ஆறாவது விடுதிக்காரர் என் குரலைக் கேட்டதும், "அண்ணே நீங்களா! உங்களுக்கு இல்லாததா? எப்பவும் போல வண்டிக்கு இடம் இருக்கு" என்றார். நான் வண்டியில்லாமல் வருகிறேன் என்று சொன்னபோது அவருக்கு அது புரியவேயில்லை. மூன்று தடவை சொன்னேன். வண்டி ரிப்பேரா என்று அனுதாபமாகக் கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை தங்கள் மகள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டே, ஏதோ உப்பு வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னாள்: "எனக்கு இடம் எல்லாம் வேணாங்க. உங்க பஸ்ல ஏறணும். நீங்க ஓட்டணும்."

"அது எனக்கு வேலையாச்சே!"

"உங்களுக்கு வேலை. எனக்கு லீவு."

"எங்கே போறதுக்கு?"

"அது எங்கே போனா என்ன?" என்று சொல்லிப் போய்விட்டாள். மூன்று நாளாக நோட்டில் எழுதியதெல்லாம் அத்தோடு முடிந்தது. நான் வாசலில் நின்று தெருமுனை வரை அவள் போவதைப் பார்த்தேன். பதினாறு வருடத்தில் அவள் என்னிடம் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டிருந்தால் செய்திருப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கேட்காததால்தானே நிம்மதியாக இருந்தாய் என்று மனதே பதிலும் சொல்லிற்று. அதற்குமேல் அங்கே நிற்கப் பிடிக்காமல் உள்ளே வந்து முதலாளிக்குப் போன் போட்டேன்.

வியாழக்கிழமை அருவிக்கு இந்தக் கோடையின் கடைசி வண்டி கிளம்புவதாக இருந்தது. காலையில் போய் மாலையில் திரும்பும் நடை. கடைசி நேரத்தில் யாரோ வரவில்லை என்று இரண்டு இருக்கைகள் காலி. என் வண்டிதான் அது; என் லீவுக்காக வேறொருவர் ஓட்டுவதாக இருந்தது. அதை நான் ஓட்டுகிறேன் என்றேன். முதலாளி உடனே, "பதினெட்டு வருஷமா லீவு கொடு, லீவு கொடுன்னு என் உயிரை எடுத்த. கொடுத்தா, லீவுல வந்து ஓட்டுறேங்குற. வீட்ல ஏதாவது சண்டையா?" என்றார். இல்லை, குடும்பத்தோடு உல்லாசப் பயணம் என்றேன். அவர் நம்பவில்லை.

வியாழக்கிழமை காலை தங்கள் மகளும் பேத்தியும் நல்ல உடை உடுத்திக்கொண்டு மற்ற பயணிகளோடு வரிசையில் நின்று வண்டியில் ஏறினார்கள். இடதுபுறம் கதவையொட்டி ஒன்றாம் எண் இருக்கையில் தங்கள் மகள், பக்கத்தில் இரண்டாம் எண்ணில் பேத்தி. அங்கே உட்கார்ந்தால் உள்கண்ணாடியில் ஓட்டுபவரின் முகம் தெரியும்; ஓட்டுபவருக்கும் அவர்கள் முகம் தெரியும். லைசென்ஸ் எடுக்கப் போன அன்றுகூட எனக்குக் கை வியர்த்ததில்லை மாமா. அன்று வியர்த்தது. முதல் சிக்னலிலேயே வண்டி ஆஃப் ஆகிவிட்டது. எங்கள் வழிகாட்டிக்கு மைக் என்று பெயர். பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்பதென்றாலும் மைக்கில்தான் கேட்பார். அவர் மைக்கிலேயே, "அண்ணே, என்ன ஆச்சு, புதுசா கத்துக்கிறீங்களா?" என்று கேட்க, வண்டி முழுக்கச் சிரித்தது. தங்கள் மகள் சிரிக்கவில்லை. முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தானே ஓட்டுவதுபோல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வழக்கமான கச்சேரி ஆரம்பித்தது. டிரைவர், ஏசியைக் கூட்டுங்க. டிரைவர், ஏசியைக் குறைங்க. டிரைவர், வேற பாட்டு இல்லையா? டிரைவர், பத்து நிமிஷம் முன்னாடி ஒரு கடை போச்சே, அங்க நிறுத்தியிருக்கலாமே? இவையெல்லாம் எனக்குக் காதில் விழுந்தே பல வருடம் ஆயிற்று. எஞ்சின் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. அன்று மட்டும் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியில் தங்கள் மகளின் முகம் மாறிக்கொண்டே இருந்தது. மலை ஏறத் தொடங்கியதும் நான் வழக்கம்போல ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஆறாவது வளைவில், நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு தொப்பிக்காரர், "யோவ் டிரைவர்! தூங்குறியா? நடந்து போனாகூட இந்நேரம் போயிருக்கலாம்" என்று சத்தம் போட்டார்.

தங்கள் மகள் எழுந்து நின்று திரும்பினாள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்பவர்களிடம் பேசும் குரலில், "அவர் என் வீட்டுக்காரர். மெதுவா ஓட்டுங்கன்னு நான்தான் சொன்னேன். அவசரமா இருந்தா நீங்க இறங்கி நடங்க" என்றாள்.

 மைக்கே வாயை மூடிக்கொண்டார். மாமா, அவள் என்னிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. பதினெட்டு வருடத்தில் அந்த வண்டிக்குள் எனக்காக யாரும் எழுந்து நின்று பேசியதும் இல்லை. அடுத்த வளைவு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. வைப்பரைப் போட்டேன். அது கண்ணாடியைத்தான் துடைத்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் இறங்கி, படி இறங்கும் பக்கம் போனார்கள். அங்கிருந்து அருவிக்கு நானூற்றுச் சொச்சம் படிகள். நான் கை பழகியபடி கல்லை எடுத்துப் பின் டயருக்கு வைத்தேன், முன் கண்ணாடியைத் துடைத்தேன், வண்டியின் பக்கவாட்டில் பெட்டிகள் வைக்கும் அறையின் கதவைத் தூக்கி, உள்ளே என் பாயை உதறி விரித்தேன். திரும்பிப் பார்த்தால் இருவரும் நிற்கிறார்கள்.

"வாங்க, போகலாம்" என்றாள் தங்கள் மகள்.

"நான் வர முடியாது. சாமான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

அவள் குனிந்து அந்த அறைக்குள் பார்த்தாள். பாய், தலைக்கு மடித்து வைத்த பழைய போர்வை, தண்ணீர் பாட்டில், ஸ்பானர் பை. "இங்கேயா படுப்பீங்க?" என்றாள். இரண்டு மூன்று நாள் நடையென்றால் இங்கேதான், நல்ல காற்று வரும் என்றேன். கையை விட்டுச் சாண் போட்டு உயரத்தை அளந்தாள். மூன்று சாண்தான் இருந்தது.

"இதுல எப்படிங்க புரண்டு படுப்பீங்க?"

"புரள மாட்டேன். ஒரே பக்கமா படுத்துப் பழகிடுச்சு."

அவள் அந்த விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேத்தி காதில் விழாத குரலில், "வீட்லயும் ஓரத்துல, செவுத்தைப் பார்த்துக்கிட்டு, அசையாம படுத்திருப்பீங்களே. நான் இத்தனை வருஷமா என்மேல ஏதோ கோபம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு நானும் சிரிக்கவில்லை. இதையெல்லாம் மாமனாருக்கு எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும்.

"அப்ப நானும் இங்கயே இருக்கேன்" என்று அவள் சொல்ல, "அப்ப நானும்" என்று பேத்தி சொல்ல, சாமான் அறையின் விளிம்பில் குடும்பத்தோடு வரிசையாக உட்கார்ந்தோம். உல்லாசப் பயணம் என்று பார்த்தால் அது ஒன்றும் மோசமில்லை. அப்போது வண்டியின் படியில் ஒரு அம்மாள் மெதுவாக இறங்கி வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். "என் முட்டி இந்தப் படிக்கெல்லாம் ஒத்துக்காது. நான் இங்கதான் உட்காரப் போறேன். நீங்க போங்க தம்பி" என்றார். சட்டத்தைச் சொன்னேன். "நாப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டைப் பார்த்துக்கிட்டவ நான். நாலு பையைப் பார்த்துக்க மாட்டேனா? பையெல்லாம் எழுந்து ஓடாது, வலிக்குதுன்னு கத்தாது. போங்க" என்று சொல்லி என் பாயில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வேறு வழியில்லை.

படி இறங்கினோம். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். பதினெட்டு வருடமாக மேலே படுத்துக்கொண்டு கேட்ட அருவி. இந்தத் திருப்பம் தாண்டினால் சாரல் அடிக்கும், அந்தத் திருப்பம் தாண்டினால் பேச்சே கேட்காது என்று நானாகவே சொல்லிக்கொண்டு போனேன். சத்தம் ஒன்றும் வரவில்லையே என்று பேத்தி கேட்டாள். மலை ஏறினால் காது அடைத்துக்கொள்ளும் என்றேன். என் காதும் அடைத்திருக்கிறது என்றுதான் நிஜமாகவே நம்பினேன். கடைசிப் படியில் இறங்கி நிமிர்ந்து பார்த்தேன்.

பாறை இருந்தது. உயரமான, கறுத்த, காய்ந்த பாறை. நடுவில் யாரோ ஈரத் துணியால் இழுத்ததுபோல ஒரு கோடு. அதன் கீழே ஒரு குட்டை, அதில் ஒரு வாளி. அவ்வளவுதான். கோடையின் கடைசியில் நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. அந்த நாட்களில் எனக்குக் கடற்கரை நடைதான் விழும். நாற்பது பேர் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மைக் கையில் மைக்கை வைத்துக்கொண்டு, ஊமையாக நின்றார். தொப்பிக்காரர் என்னைப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார், இந்த முறை கோபத்தைவிட அழுகைதான் அதிகமாக இருந்தது.

நான் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். தங்கள் மகளையும் பேத்தியையும் நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. பதினாறு வருடம் கழித்து ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன், அங்கேயும் ஒன்றுமில்லை. அப்போது பக்கத்தில் ஒரு சத்தம். தங்கள் மகள் சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "சாரல் அடிக்கும்னீங்களே!" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரிக்கிறாள். பேத்தியும் ஆரம்பித்தாள். நானும் எவ்வளவு நேரம்தான் தாங்குவேன்?

சிரித்து ஓய்ந்ததும் பேத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, சத்தம் எப்படி இருக்கும்னாவது சொல்லுங்க" என்றாள். சொன்னேன். மழைக்காலத்தில் வந்தால், பத்து லாரி ஒரே நேரத்தில் ஜல்லி கொட்டுகிற மாதிரி இருக்கும். மழை விட்டு இரண்டு வாரம் போனால், தூரத்தில் பெரிய கூட்டம் கைதட்டுகிற மாதிரி மெலியும். பனிக்காலத்தில், பக்கத்து வீட்டில் யாரோ நிதானமாகக் குளிக்கிற மாதிரி. கோடை தொடங்கும்போது, குழாயைச் சரியாக மூடவில்லையோ என்று எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றும். காற்று கிழக்கே அடித்தால் சத்தம் விட்டு விட்டு வரும், மேற்கே அடித்தால் பாய்க்குக் கீழேயே ஓடுகிற மாதிரி இருக்கும். இப்படிச் சொல்லிக்கொண்டே போனவன் நிமிர்ந்து பார்த்தால், சுற்றிலும் பயணிகள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். மைக் பைக்குள் பேனாவைத் தேடிக்கொண்டே, "அண்ணே, அந்தக் கைதட்டுற மாதிரி எப்பன்னு சொன்னீங்க? குறிச்சுக்கிறேன்" என்றார், மைக் இல்லாமல். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். "எப்ப வந்தா தண்ணியைப் பார்க்கலாம் டிரைவர்?" என்று கேட்டார். அதில் யோவ் இல்லை.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. எதையும் பார்க்காமல் பதினெட்டு வருடத்தை வீணாக்கிவிட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் இந்த அருவியை எல்லாப் பருவத்திலும் கேட்டவன் அங்கே நான் ஒருவன்தான். அது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சும்மா படுத்துக் கிடந்தவனுக்குத் தானாகக் கிடைத்தது. இருந்தாலும் கையில் ஏதோ இருந்தது. இந்த வீட்டில் பதினாறு வருடமாக நான் கேட்காமல் விட்டதும் ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மலை இறங்கி முடிவதற்குள் தங்கள் மகள் தூங்கிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பயணிகள் தூங்கினால்தான் டிரைவர் சரியாக ஓட்டுகிறான் என்று எங்கள் தொழிலில் அர்த்தம். நான் அன்று ஓட்டிய மாதிரி என் வாழ்நாளில் ஓட்டியதில்லை. ஒரு பள்ளத்தில்கூட இறக்கவில்லை.

ஆகவே தங்கள் கேள்விக்கு என் எழுத்துமூலமான பதில் வருமாறு: ஆம், உட்கார்ந்திருக்கிறாள். நாள், நேற்று வியாழக்கிழமை. இருக்கை எண் ஒன்று. போகவும் வரவும். சாட்சி, இரண்டாம் எண் இருக்கையில் தங்கள் பேத்தி.

அன்று அத்தை, நாங்கள் மூவரும் அங்கே வந்து இரண்டு நாள் தங்க வேண்டும் என்று பின்னாலிருந்து சொன்னதும் என் காதில் விழுந்தது. மன்னிக்க வேண்டும். ஆறு வருடமாகத் தங்கள் மகளும் அங்கே வருவது பற்றி வாயே திறப்பதில்லை; அவளுக்கும் விருப்பம் இல்லை போலும். மீதியுள்ள இரண்டு நாளும் நான் கட்டிலை விட்டு இறங்குவதாக இல்லை. இனி எந்தக் கோடையிலும் எங்கே போவது என்று இந்த வீட்டில் பேச்சே எடுப்பதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டேன். தாங்களும் அத்தையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு மட்டும் வெளியே போய் வருமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்கு என் வணக்கத்தையும் பேத்தியின் முத்தங்களையும் சொல்லவும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே கண்டதை வெள்ளிக்கிழமை எழுதி உறையில் போட்டுவிட்டேன். இன்று சனிக்கிழமை காலை நான் கட்டிலில் இருக்கும்போது தங்கள் மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்டேன். "எங்கப்பா வீட்டுக்கு" என்றாள். உனக்குத்தான் அங்கே போக விருப்பமே கிடையாதே என்றேன். "யார் சொன்னா? போனா அப்பா அந்த பஸ் கேள்வியையேதான் கேட்பாரு. உங்களை வச்சுக்கிட்டுப் பதில் சொல்லத் தெரியாம எப்படி நிக்கிறது? அதனாலதான் போகலை. இப்பப் போகலாம், எழுந்திருங்க" என்றாள். ஆறு வருடமாக அவள் அங்கே வராததற்கு இதுதான் காரணம் என்று எனக்கு இன்று காலை ஏழு மணிக்குத்தான் தெரிந்தது மாமா. பத்தரை மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். வேறு யாரோ ஓட்டுகிறார்கள். எனக்கு ஜன்னலோரம் என்று பேத்தி ஒதுக்கியிருக்கிறாள். இதைத் தபாலில் போட்டால் நாங்கள் வந்து திரும்பிய பிறகுதான் தங்கள் கைக்கு வரும் என்பதால் நேரிலேயே கொண்டுவந்து கொடுக்கிறேன். தயவுசெய்து நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் படிக்க வேண்டாம். குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போவேன், அப்போது படிக்கவும். நிதானமாகவே குளிப்பேன்.